ஒருநாள் மலையேற்றத்துக்கு ஒரு சின்ன முதுகுப்பை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளியங்கிரிக்கு முதன்முதலாகப் போனபோது, அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் லேப்டாப் பையைத்தான் எடுத்துப் போனேன். வீட்டில் இருக்கிற பைதானே, ஒரு ராத்திரி தாங்காதா என்ற நினைப்பு. பூண்டி அடிவாரத்தில் இரவு பத்து மணிவாக்கில் ஏறத் தொடங்கினோம். நாலாவது மலையில் இடது தோள்வார் தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கையில் பை, இன்னொரு கையில் மூங்கில் தடி. டார்ச்சைப் பிடிக்கக் கையில்லை. ஏழாவது மலையில் குளிர்காற்று அடித்தபோது ஸ்வெட்டரை எடுக்கப் பையைத் திறந்தால், பாட்டில் கசிந்து அது தொப்பலாக நனைந்திருந்தது. விடியும்வரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போதுதான் இன்னும் கஷ்டம். செங்குத்தான படிகளில் முட்டி தள்ளாடும்போது இரண்டு கையும் வேண்டும்.

அன்றிலிருந்து இந்தப் பை விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிற நண்பர்கள் எல்லோரும் முதலில் ஷூவைப் பற்றித்தான் கேட்பார்கள். ஷூ முக்கியம்தான். ஆனால் தண்ணீர், மருந்து, வெளிச்சம், குளிருக்குத் துணி என்று உங்களைக் காப்பாற்றக்கூடிய அத்தனையும் இருப்பது பைக்குள். அதைத் தேர்ந்தெடுப்பதை வரிசையாகச் சொல்கிறேன். நம் ஊர் மலைகளில் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற, அல்லது இரவில் ஏறிக் காலையில் இறங்குகிற நடைகளுக்கானது இது. கூடாரம் போட்டுத் தங்கும் பயணத்துக்கு வேறு பை, வேறு கணக்கு.

முதலில் பொருள்கள், அப்புறம் பை

பெரும்பாலானவர்கள் பையை வாங்கிவிட்டு, அதை நிரப்பப் பொருள் தேடுகிறார்கள். பெரிய பையாக இருந்தால் இடம் இருக்கிறதே என்று இரண்டு சட்டை, ஒரு போர்வை, கேமரா ஸ்டாண்ட் எல்லாம் ஏறிவிடும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கொண்டுபோக வேண்டியதை முதலில் வீட்டுத் தரையில் பரப்பி வையுங்கள். பை அந்தக் குவியலைப் பார்த்து வாங்க வேண்டியது.

எதையெல்லாம் பரப்புவது? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கமான ‘தி மவுண்டனியர்ஸ்’, 1930களில் பத்து அத்தியாவசியப் பொருள்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதன் இன்றைய வடிவம் இது: வழி காட்ட ஒன்று, வெளிச்சம், வெயிலுக்குப் பாதுகாப்பு, முதலுதவி, கத்தி, நெருப்பு, ஒதுங்க மறைப்பு, உபரி உணவு, உபரித் தண்ணீர், உபரித் துணி. உலகம் முழுக்க இன்றைக்கும் மலையேறுகிறவர்கள் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அதை அப்படியே நம் மலைக்குத் தூக்கிவரக் கூடாது. பனிமலையில் தீப்பெட்டி உயிர் காக்கும். நம் காடுகளில் அது உயிரெடுக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். ஆகவே தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம் எதுவும் பையில் வேண்டாம்.

நம் ஊருக்கு என் பட்டியல் இது. இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு வேளைச் சாப்பாடும் அதற்குமேல் கொஞ்சமும்: புளியோதரை, கூடவே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் ஒன்று, அது கைவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு சின்ன டார்ச். மழைக்கோட்டு, அல்லது உடம்பையும் பையையும் சேர்த்து மூடும் போன்சோ. லேசான ஸ்வெட்டர், குல்லா, ஒரு ஜோடி மாற்றுக் காலுறை. துண்டு, தொப்பி. ஒரு விசில், சின்ன மடக்குக்கத்தி. பவர் பேங்க், போனில் இணையமில்லாமலும் திறக்கும் வரைபடம். அனுமதிச்சீட்டு, அடையாள அட்டையின் நகல், கொஞ்சம் சில்லறைப் பணம்.

முதலுதவிப் பை தனி. அதில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சுளுக்குக்கு கிரேப் பேண்டேஜ், பஞ்சு, பிளாஸ்திரி, கிருமிநாசினிக் களிம்பு, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு நாளைக்குக் கூடுதலாக. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பதற்கு உரியது. சின்ன பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குடித்தால் உப்பு அளவுக்கு மீறிப் போய்விடும். அதனால்தான் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றாவது பையில் இருக்கட்டும் என்கிறேன். மழைக்காலத்தில் வால்பாறை, நீலகிரிப் பக்கம் போனால் அட்டைக்கடிக்கு ஒரு சின்ன டப்பியில் உப்பு.

நெகிழிப் பொருள்களை வீட்டிலேயே கழித்துவிடுங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்த்துத்தான் மேலே விடுகிறார்கள். நீலகிரியிலும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை உண்டு. தின்பண்டங்களைக் கவரோடு கொண்டுபோகாமல் டப்பாவிலோ துணிப்பையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். உண்ட பிறகு சேரும் குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மஞ்சப்பையையும் மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை லிட்டர்?

பையின் கொள்ளளவை லிட்டரில்தான் சொல்வார்கள். 20 லிட்டர் என்றால் எவ்வளவு என்று மனசில் பிடிபடாது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனைப் பாருங்கள். அதுதான் 20 லிட்டர். பரப்பி வைத்த பொருள்கள் அத்தனையும் அந்தக் கேனுக்குள் போகுமா என்று கண்ணாலேயே அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னும் சரியாக வேண்டுமென்றால் ஒரு அட்டைப்பெட்டியை எடுங்கள். பொருள்களை அதில் நெருக்கமாக அடுக்குங்கள். அடைத்த இடத்தின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து மூன்றையும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் என்றால் 18 லிட்டர். பையின் வளைவு நெளிவில் கொஞ்சம் இடம் வீணாகும். அதற்காக மூன்று நான்கு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் தனியாகத் தன் பொருளை மட்டும் சுமக்கிறவருக்கு 18 முதல் 22 லிட்டர் சரியாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்ன நடைக்கு 10 அல்லது 12 லிட்டரே போதும். குழந்தைகளின் பொருள்களையும் சேர்த்துச் சுமக்கும் அப்பா அம்மாவுக்கு, அல்லது குழுவின் முதலுதவிப் பையைத் தூக்குகிறவருக்கு 25 முதல் 28. முப்பதைத் தாண்டினால் ஒருநாள் நடைக்கு அது சுமைதான். பாதி காலியாக இருக்கும் பெரிய பையில் பொருள்கள் அடியில் போய் விழுந்து, ஒவ்வொரு அடிக்கும் முதுகில் இடிக்கும். ஒரு எச்சரிக்கை: வெளிப்பாக்கெட்டுகளையும் சேர்த்து லிட்டர் சொல்லும் கம்பெனிகள் உண்டு, சேர்க்காமல் சொல்பவையும் உண்டு. அதனால் ஒரு கம்பெனியின் 20, இன்னொன்றின் 20-ஐ விடச் சிறியதாகத் தெரியலாம். எழுதியிருப்பதை விட உங்கள் பொருள் உள்ளே போகிறதா என்பதை நம்புங்கள்.

எடையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர், 600 கிராம் உணவு, மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் சேர்ந்து 800 கிராம், முதலுதவி 200, பவர் பேங்க் 250, விளக்குகள், துண்டு, காலுறை, மற்ற சில்லறை எல்லாம் 450. மொத்தம் 4 கிலோ 300 கிராம். பை 700 கிராம் என்றால் சரியாக ஐந்து கிலோ. ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் சுமை இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஆறு கிலோ. ஐந்து கிலோ இதற்குள் அடங்குகிறது. காலிப் பையே ஒன்றரைக் கிலோ இருந்தால் மொத்தம் 5 கிலோ 800 கிராம் ஆகி, எல்லையை ஒட்டிவிடும். எனவே 400 முதல் 800 கிராமுக்குள் இருக்கும் பையைத் தேடுங்கள். சூடு தாங்கும் இரட்டைச்சுவர் ஃபிளாஸ்கும் வேண்டாம். காலியாகவே கிட்டத்தட்ட அரைக் கிலோ வந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு என்பது போகிற மலையைப் பொறுத்தது. வெள்ளியங்கிரியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று வழியிலேயே நீர் இருக்கிறது. அங்கே நாலு லிட்டர் சுமப்பது வீண்வேலை. சுனை இல்லாத மொட்டைப்பாறை மலைகளில் வெயில் நேரத்தில் மூன்று லிட்டர்கூடப் போதாமல் போகும். போய்வந்தவர்களிடம் விசாரித்து, அந்தக் கணக்கையும் பையின் அளவில் சேருங்கள்.

முதுகில் உட்கார்கிறதா?

நல்ல துணி, நல்ல ஜிப் எல்லாம் இருந்தும் முதுகுக்குப் பொருந்தாவிட்டால் அந்தப் பை உங்களுக்கு ஆகாது. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். முடிந்தால் இணையத்தில் வாங்காமல் கடைக்கே போங்கள்.

முதலில் உங்கள் முதுகின் நீளம். தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்படும். அடுத்து, கைகளை இடுப்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல் பின்பக்கம் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தெரியும். கழுத்தெலும்பிலிருந்து இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு வரை இன்னொருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பெரிய பைகளில் இந்த அளவுக்கேற்ப சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும். சின்னப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன. அதனால்தான் மாட்டிப் பார்ப்பது கட்டாயம் என்கிறேன். பையின் அடிப்பாகம் இடுப்பெலும்பின் பக்கத்தில் நிற்க வேண்டும். பிட்டத்தில் போய் இடித்தால் பை உங்களுக்கு நீளம். படி ஏறும்போது ஒவ்வொரு முறையும் தொடை தூக்கும்போது அது தட்டும்.

காலிப் பையை மாட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றையும் ஒரு ஸ்வெட்டரையும் கொண்டுபோய், கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பைக்குள் போடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. டெகத்லான் மாதிரிப் பெரிய கடையென்றால் அங்கேயே தண்ணீர் பாட்டில், டம்பெல் எதையாவது உள்ளே வைத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம்.

சுமையோடு மாட்டியதும் வார்களை இறுக்குங்கள். தோள்வார் தோளின் வளைவைத் தழுவி வர வேண்டும். தோளுக்கும் வாருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, வாரின் உள்விளிம்பு கழுத்தை அறுத்தாலோ அந்தப் பையை வைத்துவிடுங்கள். வாரின் உள்ளே இருக்கும் பஞ்சை இரண்டு விரலால் அழுத்துங்கள். சட்டென்று தட்டையாகிவிட்டால் இரண்டே நடையில் கயிறு மாதிரி ஆகிவிடும். விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பி வர வேண்டும். கைகளை முன்னே நீட்டுங்கள், மேலே தூக்குங்கள். பர்வதமலையில் சங்கிலியையும் பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் பிடித்து ஏறும் இடம் உண்டு. அங்கே கை தலைக்கு மேல் போகும்போது வார் அக்குளில் அறுக்கக் கூடாது. பை தோளின் அகலத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் புடைத்திருந்தாலும் பாறையில் உரசும்.

பெண்களுக்குத் தோள் அகலம் பொதுவாகக் குறைவு. நேராக இறங்கும் வார்கள் மார்பை அழுத்தும் அல்லது தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். ‘எஸ்’ போல வளைந்து இறங்கும் வார்கள் வசதி. பெண்களுக்கென்றே முதுகு நீளத்தைக் குறைத்து, வாரை வளைத்துச் செய்த பைகளும் கிடைக்கின்றன. உயரம் குறைந்த ஆண்களுக்கும் அவை நன்றாகவே பொருந்தும்.

நெஞ்சுவார் அவசியம் இருக்கட்டும். இரண்டு தோள்வார்களையும் நெஞ்சின் குறுக்கே இணைக்கும் அந்த மெல்லிய வார்தான் பை ஆடாமல் பிடிக்கிறது. மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கழுத்துப்பட்டை எலும்புக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே போட்டு, மூச்சு முட்டாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். சில பைகளில் அந்தக் கொக்கியிலேயே விசில் இருக்கும். ஊதிப் பாருங்கள். பல விசில்கள் ஒப்புக்குத்தான் இருக்கின்றன.

இடுப்புவார் இரண்டு வகை. மெல்லிய நாடா மட்டும் உள்ளது பை குதிக்காமல் இருக்க உதவும், சுமையைத் தாங்காது. பஞ்சு வைத்த அகலமான வார் சுமையின் ஒரு பகுதியை இடுப்புக்கு மாற்றும். ஐந்து கிலோவுக்கு நாடா போதும். ஏழு கிலோவை நெருங்கினால் பஞ்சு வைத்ததை வாங்குங்கள். முட்டிவலி, தோள்வலி உள்ளவர்கள் ஐந்து கிலோவுக்கே அதை வாங்கலாம்.

முதுகு வேர்ப்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வளைத்து இழுத்துக் கட்டிய வலை ஒன்று முதுகில் பட, பை அதற்குப் பின்னால் தள்ளி நிற்கிற வகை உண்டு. காற்று நன்றாகப் போகும். ஆனால் சுமை முதுகை விட்டு விலகிவிடுவதால் பின்பக்கம் இழுப்பது போல இருக்கும். விலையும் எடையும் கூடுதல். நம் வெயிலில் எந்தப் பை போட்டாலும் முதுகு நனையத்தான் செய்யும். பள்ளம் விட்டுத் தைத்த சாதாரணப் பஞ்சுமுதுகே எனக்குப் போதுமாக இருக்கிறது.

பையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

என் பை பிய்ந்தது தோள்வார் மேலே சேரும் இடத்தில். எந்தப் பையையும் நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். வாரின் முனை பையின் இரண்டு துணிகளுக்கு நடுவே நுழைந்து, அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைத் தையல் ஓடியிருக்க வேண்டும். சுமை விழும் புள்ளிகளில் நூலை நெருக்கி நெருக்கி முன்னும் பின்னும் ஓட்டி, தடித்த கோடு மாதிரித் தைத்திருப்பார்கள். அந்தத் தடித்த தையல் மேல்முனையிலும் இருக்கிறதா, வாரின் கீழ்முனை பையோடு சேரும் இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நூல் இடைவெளி விட்டு வாய் திறந்தால் வேண்டாம்.

அப்புறம் பையின் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். தையல் ஓரங்களில் துணி பிசிறு பிசிறாகத் தெரிகிறதா, நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறார்களா? பிசிறு தெரிந்தால் ஜிப்பில் சிக்கும், நாளடைவில் தையல் நழுவும்.

துணியைப் பற்றிப் பேசும்போது 210 டி, 600 டி என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அந்த எண். எண் கூடினால் நூல் தடிமன், துணியும் கனம். ஆனால் நைலானையும் பாலியெஸ்டரையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம். ஒரே தடிமனில் நைலான் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். 210 டெனியர் நைலான் நம் தேவைக்கு நன்றாக உழைக்கும். 600 டெனியர் பாலியெஸ்டர் முரட்டுத் துணி, கொஞ்சம் கனம், விலை குறைவு. இரண்டில் எதுவும் சரி. அடிப்பாகம் மட்டும் இரட்டைத் துணியாக இருந்தால் நல்லது. பாறையில் பையை வைப்பதும் இழுப்பதும் அங்கேதான்.

ஜிப்பை சுமையோடு ஓட்டிப் பாருங்கள். மூலைகளில் தயங்காமல் திரும்ப வேண்டும். பெரிய அறையின் ஜிப்புக்கு இரண்டு இழுப்பான்கள் இருக்கட்டும். ஒய்.கே.கே. என்று பொறித்த ஜிப் நம்பகமானது. அந்த எழுத்து இல்லாத நல்ல ஜிப்புகளும் உண்டு, ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாய் முழுதாக, பாதிப் பை வரை பிளந்து திறக்கும் பைதான் புதியவர்களுக்கு ஏற்றது. கயிறு சுருக்கிக் கட்டும் பையில் அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். இருட்டில், காற்றில், மழையில் அது ஆகிற காரியமில்லை.

பக்கப் பாக்கெட்டை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அதில் வைத்து, ஷூ கயிறு கட்டுவது போலக் குனியுங்கள். பாட்டில் நழுவினால் பாக்கெட் ஆழமில்லை. பையைக் கழற்றாமலே கையைப் பின்னால் விட்டு எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிகிறதா என்றும் பாருங்கள். எட்டாத தண்ணீரை யாரும் அடிக்கடி குடிப்பதில்லை, தாகம் முற்றிய பிறகுதான் நிற்பார்கள். குழாய் வைத்த தண்ணீர்ப்பையைச் சிலர் விரும்புகிறார்கள். நடந்துகொண்டே குடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரியாது. நம் ஊர் வெக்கையில் குழாய்க்குள் பாசி பிடித்துவிடுகிறது, கழுவிக் காயவைப்பதும் பெரிய வேலை. தொடக்கத்தில் பாட்டிலே போதும்.

வெளியே தொங்கும் கொக்கிகள், வலைகள், வார்கள் நிறைய உள்ள பை பார்க்க அழகாக இருக்கும். குரங்குகள் இருக்கும் மலையில் வெளியே தொங்குவது எதுவும் உங்களுடையது இல்லை. முள்செடிகளிலும் மாட்டும். லேப்டாப் அறை இருக்கும் பையைத் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பஞ்சு முழுக்க வீண் எடை. நிறத்தில் என் கருத்து: வெளியே பச்சை, பழுப்பு, சாம்பல் என்று காட்டோடு ஒத்துப்போகும் நிறம். உள்ளே துணி வெளிர்நிறமாக இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் பொருள் உடனே கண்ணில் படும். கறுப்பு உள்துணிக்குள் கறுப்பு ஹெட்லேம்பைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலை? 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் மேலே சொன்ன எல்லாம் அமைந்த பை கிடைக்கும். அதற்குமேல் கொடுப்பது விருப்பம்.

மழை வந்தால்

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்கலாம். தையல் ஓட்டைகளிலும் ஜிப்பிலும் இறங்கும். பையோடு வரும் மழை உறை நல்லதுதான், ஆனால் அது முதுகுப்பக்கத்தை மூடாது. முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். பலத்த காற்றில் உறையே பறந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது இது. வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்வெட்டர், காலுறை, முதலுதவி, பவர் பேங்க் எல்லாம் அதற்குள். தண்ணீர் பாட்டில் ஒருபோதும் அதற்குள் போகாது. மேலே மழை பெய்தாலும், பையிலேயே பாட்டில் கசிந்தாலும் துணி காய்ந்தே இருக்கும். உயரம் ஏறஏற ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டியவர் உச்சியில் நனைந்த சட்டையோடு காற்றில் நிற்கும்போது உடம்புச் சூடு வேகமாக இறங்கும். அந்த நேரத்தில் காய்ந்த ஸ்வெட்டர்தான் துணை.

அடுக்கும் முறை

அடியில் லேசானதும் கடைசியில் தேவைப்படுவதும்: ஸ்வெட்டரும் காலுறையும் உள்ள நீர்புகாப் பை. நடுவில், முதுகை ஒட்டி, கனமானவை: இரண்டாவது பாட்டில், சாப்பாட்டு டப்பா. கனம் முதுகை ஒட்டி இருந்தால் பின்னால் இழுக்காது. மேலே சட்டென்று எடுக்க வேண்டியவை: மழைக்கோட்டும் முதலுதவியும். அதனால் முதலுதவியை மட்டும் தனியாக ஒரு சின்ன நீர்புகாப் பையில் போட்டு மேலே வைத்தால் இன்னும் நல்லது. ஹெட்லேம்ப், விசில், கத்தி மேல் பாக்கெட்டில். அனுமதிச்சீட்டும் பணமும் உள்பாக்கெட்டில். தின்பண்டத்தில் ஒரு கைப்பிடி மட்டும் எட்டும் இடத்தில் வையுங்கள். மற்றது உள்ளே, ஜிப் மூடிய அறையில்.

இரண்டு ஜிப் இழுப்பான்களையும் பையின் உச்சியில் சந்திக்க விடாதீர்கள். பக்கவாட்டில் இறக்கி மூடுங்கள். கிளை பட்டுத் திறக்காது, மழையும் நேராக இறங்காது.

எந்தப் பொருள் எங்கே என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஹெட்லேம்பை எடுக்க வர வேண்டும்.

மலைக்கு முன் ஒரு சோதனை நடை

முழுச் சுமையோடு பையை மாட்டிக்கொண்டு உங்கள் தெருவில் நான்கைந்து கிலோமீட்டர் நடங்கள். பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இருந்தால் பத்து முறை ஏறி இறங்குங்கள். திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது, பழனிப் பக்கம் உள்ளவர்களுக்குப் படிப்பாதை இருக்கிறது. எங்கே உரசுகிறது, எந்த வார் தானாகத் தளர்கிறது, பாட்டில் எத்தனை முறை விழுந்தது என்று கவனியுங்கள். கடையின் ரசீதைப் பத்திரமாக வைத்து, மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள் இந்த நடையை முடியுங்கள். வார் தையலில் மட்டும் சந்தேகம் இருந்தால், தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். மெழுகு நூலில் அவர் போடும் தையல் கம்பெனித் தையலை விட நின்று உழைக்கும். என் இரண்டாவது பைக்கு அப்படித்தான் செய்தேன். ஆறு வருஷமாகிறது, ஒரு நூல் அசையவில்லை.

தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறது. இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. புதுப் பையின் முதல் பயணத்துக்கு அந்த எளிய பாதைகளில் ஒன்று பொருத்தமாக இருக்கும். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள், பார்த்துத் திட்டமிடுங்கள்.

திரும்பி வந்ததும் களைப்பில் பையை மூலையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு கடலை மிட்டாய்த் துண்டு இருந்தாலும் எலி துணியைக் கடித்துவிடும். எல்லாப் பாக்கெட்டையும் உதறி, வேர்வை உப்பு படிந்த வார்களை லேசான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினும் உச்சிவெயிலும் வேண்டாம். ஈரத்தோடு மடித்து வைத்தால் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உதிரத் தொடங்கும்.

பை காய்கிற நேரத்தில் ஒரு தாளை எடுத்து, கொண்டுபோனதில் எதைத் தொடவே இல்லை என்று எழுதுங்கள். முதலுதவி, மழைக்கோட்டு, இரண்டாவது டார்ச் மூன்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், அவை எப்போதும் பைக்குள்ளேயே கிடக்கட்டும். மற்றவற்றில் இரண்டு நடைக்கும் தொடாத பொருள் மூன்றாவது நடைக்கு வீட்டிலேயே இருக்கலாம். ஹெட்லேம்பை சார்ஜ் போட்டு, தீர்ந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பதில் புதிது வைத்துவிட்டு ஜிப்பை மூடுங்கள்.